குருவி வண்டியில் பாகன்

மண்மேடு தாண்டும் பைக் பந்தயக் கிளப்பிலிருந்து வந்த கடிதம் மூன்று நாளாகச் சமையலறையில் சர்க்கரை ஜாடிக்கு அடியிலேயே கிடந்தது. நாலாம் நாள், வெள்ளிக்கிழமை காலையிலும் அது அங்கேயேதான் கிடந்தது. ஜாடியைத் தூக்குகிறார்கள், சர்க்கரை போடுகிறார்கள், மறுபடி அதே கடிதத்தின் மேல் வைக்கிறார்கள். அம்மா, மகள், மகளின் கணவன் என்று மூன்றே பேர் இருக்கிற வீட்டில் மூன்று பேரும் ஒரு காகிதத்தைப் பார்க்காத மாதிரி காபி குடிப்பதென்றால் சும்மாவா?

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். ஒரு வருஷம் பந்தயத்தில் ஓடாத நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடும். குருவியின் நம்பர் அறுபத்தொன்று பதினோரு மாதமாக ஓடவில்லை. வருகிற ஞாயிறுதான் கடைசிப் பந்தயம். குடும்பத்தில் வேறு யாராவது அதே இருநூற்றைம்பது சி.சி. பிரிவில் ஓடினால் நம்பர் வீட்டிலேயே தங்கும். அதற்குப் பெற்றவர் கையெழுத்து வேண்டும், சனிக்கிழமை மதியத்துக்குள்.

குருவி, மகளின் தம்பி. ஐம்பத்திரண்டு கிலோ உடம்பு, ஊருக்கே கேட்கிற வாய். அக்கா புருஷன் நானூற்றைம்பது சி.சி. வண்டியில் வந்து இறங்கும்போதெல்லாம், "எங்க மாமா யானை மேல வர்றாரு, வழி விடுங்க" என்று கத்துவான். அப்படித்தான் அவள் கணவனுக்குப் பாகன் என்று பெயர் நிலைத்தது. இரண்டு பேரின் வண்டியையும் பிரித்து மாட்டுகிறவள் அவள்தான். மைதானத்தில் அவளுக்கு மெக்கானிக் அக்கா என்றுதான் பெயர்.

குருவி எப்படிச் செத்துப்போனான் என்பது அவளுக்குத் தெரியும், பாகனுக்குத் தெரியும், மைதானத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாது. நாலாவது மேட்டைத் தாண்டும்போது தானே விழுந்து தலையில் அடிபட்டான் என்று அம்மாவிடம் சொன்னவள் அவள். விழுந்தது நிஜம். ஆனால் விழுந்தவன் எழுந்துகொண்டுதான் இருந்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம் கிடப்பவனை இந்தப் பக்கமிருந்து வருகிறவனுக்குத் தெரியாது. மஞ்சள் கொடி காட்டவேண்டியவர் அந்த நிமிஷம் தண்ணீர் பாட்டிலைத் தேடித் திரும்பியிருந்தார். மேட்டைத் தாண்டி வந்து இறங்கியது பாகனின் யானை.

"எங்க போடணும் கையெழுத்து? கண்ணாடியை எடுத்துட்டு வா, போட்டுடறேன்" என்றாள் அம்மா திடீரென்று, காபியைக் கீழே வைத்துவிட்டு. "எத்தனை நாள்தான் இதை இப்படியே வெச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கறது? எம்புள்ளை நம்பர் எவனுக்கோ போகணுமா? மாப்பிள்ளை ஓட்டட்டும். அவன் இருந்தாலும் அதைத்தான் சொல்லுவான்."

மகள் சட்டென்று பேனாவை எடுத்து நீட்டினாள். போட்டுவிட்டால் தொல்லை விட்டது.

பாகன் அந்தப் பேனாவை அம்மா கைக்குப் போகுமுன் வாங்கி மேஜை மேல் வைத்தான்.

"இருங்க அத்தை. வண்டி எனக்குச் சரிப்பட்டு வருதான்னு இன்னிக்குப் பார்த்துடறேன். சாயங்காலம் போடலாம்."

"அதென்ன, அவன் வண்டி உங்களுக்குச் சரிப்படாம போயிடுமா?" என்றாள் அம்மா. மருமகனிடம் அம்மா எப்போதும் இப்படித்தான். பெற்ற மகளிடம் எரிந்து விழுவாள், மாப்பிள்ளையிடம் கொஞ்சுவாள். அந்தப் பதினோரு மாதத்தில் கொஞ்சல் இன்னும் கூடிப்போயிருந்தது. உங்களுக்கும்தான் அவன் தம்பி மாதிரி, நீங்களும்தான் இளைச்சுப் போயிட்டீங்க என்று தட்டில் இன்னொரு கரண்டி வைப்பாள். ஒவ்வொரு கரண்டிக்கும் பாகனின் முகம் சுருங்குவதை மகள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவனும் மனைவியுமாக வேனில் குருவியின் வண்டியை ஏற்றிக் கட்டினார்கள். மைதானத்துக்குக் கிளம்பினார்கள்.

"சொல்லப் போறீங்களா?" என்றாள்.

"ஆமா."

"இப்ப எதுக்குங்க? ஞாயித்துக்கிழமை முடியட்டும். நம்பர் வீட்டுக்கு வந்துடட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்புறம் அப்புறம்னுதான் போன மாசமும் சொன்னே. அதுக்கு முந்தின மாசமும் சொன்னே."

"அம்மா தாங்க மாட்டாங்க."

"அத்தை தாங்க மாட்டாங்களா, நீ தாங்க மாட்டியா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சின்ன வண்டிதானே, பெரியதை ஓட்டினவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைக்காதீர்கள். பெரிய வண்டி மன்னிக்கும். தப்பான கியரில் வளைவுக்குள் போனாலும் ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினால் போதும், இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். சின்ன வண்டிக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது. எஞ்சின் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். மேட்டுக்கு முந்தைய வளைவிலேயே முழு வேகம் பிடித்துவிட வேண்டும். மேட்டைப் பார்த்ததும் கை ஒரு நொடி தயங்கினால் வண்டி அந்தப் பக்கம் போய்ச் சேராது.

பாகனின் வலது கைக்கு இப்போது தெரிந்ததெல்லாம் தயங்குவதுதான். பதினோரு மாதத்தில் மூன்று தடவை யானையை எடுத்துப் பார்த்தான். மூன்று தடவையும் நாலாவது மேட்டின் அடிவாரத்தில் ஆக்சிலேட்டரை மூடிவிட்டு, தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். அப்படிப்பட்டவன்தான் குருவியின் நம்பருக்காக இந்தச் சின்ன வண்டியில் ஏறப் போகிறான்.

மைதானத்தில் அவளைப் பார்த்ததும் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். யாரும் பக்கத்தில் வரவில்லை. துக்க வீட்டுக்காரர்களிடம் எதைப் பேசுவது என்று தெரியாமல் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாகன் முதல் சுற்றில் நாலாவது மேட்டை மெதுவாக உருட்டிக்கொண்டு ஏறி இறங்கினான். இரண்டாவது சுற்றிலும் அப்படியே. அவள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னிக்கும் அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தபோது அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது.

மூன்றாவது சுற்றில் வளைவிலிருந்தே எஞ்சின் கத்தியது. நிறுத்தவே இல்லை. மேட்டின் விளிம்பிலிருந்து வண்டி கிளம்பி, ஒரு கணம் வெறும் வானத்தில் நின்று, அந்தப் பக்கம் இறங்கியது.

'டங்' என்று ஒரு சத்தம்.

இறங்கிய வேகத்தில் பின்பக்கம் அடிவரை உட்கார்ந்து, அதே வேகத்தில் எகிறி அவனை முன்னால் தூக்கி வீசப் பார்த்தது. வண்டி கோணலாக ஓடி ஓரத்து டயர் அடுக்கில் உரசி நின்றது. விழவில்லை. தப்பித்தது அவன் செய்த புண்ணியம்.

மற்றவர்கள் ஓடினார்கள். அவள் ஓடவில்லை. அந்தச் சத்தம் என்னவென்று அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எழுபத்தெட்டு கிலோ ஆளை ஐம்பத்திரண்டு கிலோ ஆளின் ஸ்பிரிங் தாங்குமா? பாகன் எடைக்கு வாங்கிய புது ஸ்பிரிங் மூன்று நாளாகப் பட்டறை அலமாரியில் அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் இருக்கிறது.

பாகன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். கோபப்படவில்லை.

"பழைய ஸ்பிரிங்தானே?"

"மறந்துட்டேன்."

ஒரு நட்டை இரண்டு தடவை முடுக்கிவிட்டு மூன்றாவது தடவை தொட்டுப் பார்க்கிறவள் அவள். அவள் ஸ்பிரிங்கை மறந்தாள் என்றால் பச்சைப் பிள்ளைகூட நம்பாது. அவனும் நம்பவில்லை. குனிந்து அந்த ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தான்.

"மறக்கலை" என்றாள் அவள். "கழட்டத்தான் போனேன், மூணு தடவை போனேன். அது அவன் உக்கார்ற அளவுக்கு வெச்சது. நானும் அவனும் ஒரு நாள் முழுக்க உக்காந்து வெச்சோம். கழட்டினா அதுவும் போயிடுமேன்னு விட்டுட்டேன்."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் அதே வண்டியில மேடு தாண்டப் போறேன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"நான் விழணும்னு நெனச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எந்த மனைவியும் அதைத்தான் சொல்வாள்.

"தெரியலை" என்றாள்.

தாலி கட்டிய புருஷனிடம் சொல்கிற பதிலா அது? ஆனால் அவளுக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். இரவும் பகலும் பக்கத்தில் இருந்தவன், அழுதால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவன், அவன் மேல் கோபமே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னவள் அவள். கோபம் எங்கே போய் ஒளிந்திருந்தது என்று பார்த்தால், அலமாரியில் பிரிக்காத அட்டைப்பெட்டியில் இருந்திருக்கிறது. அவளுக்கே அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பாகன் கையுறையை விரல் விரலாகக் கழற்றினான்.

"நான் விழணும்னு நானும் பல நாள் நெனச்சிருக்கேன்" என்றான். "விடு. வீட்டுக்குப் போய் மாத்து. ஆனா அத்தைகிட்ட இன்னிக்குச் சொல்லிடுவேன். பொய்யை வெச்சுக் கையெழுத்து வாங்கி, அந்த நம்பரை நெஞ்சுல ஒட்டிக்கிட்டு, இந்த மேட்டை என்னால தாண்ட முடியாது."

பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. தகரக் கூரை, ஒரு நீள மேஜை, சுவரில் வரிசையாக ஸ்பேனர்கள். குருவி எடுத்தால் எதையும் இடத்தில் வைக்க மாட்டான் என்பதற்காக ஒவ்வொன்றின் வடிவத்தையும் சுவரில் பெயிண்டால் வரைந்து வைத்திருந்தாள். அப்படியும் அவன் வைக்க மாட்டான். இப்போதெல்லாம் அத்தனையும் இடத்தில் இருக்கின்றன.

மதியம் மூன்று மணிக்கு அவள் பழைய ஸ்பிரிங்கைக் கழற்றினாள். அழவில்லை. ஒரு துணியில் சுற்றி மேஜையின் இழுப்பறைக்குள் வைத்தாள். புதியதை மாட்டினாள்.

இனி அளவு எடுக்க வேண்டும். ஸ்டாண்டில் வண்டி அந்தரத்தில் நிற்கும்போது பின்சக்கர அச்சிலிருந்து மட்கார்டுவரை ஓர் அளவு. ஓட்டுகிறவன் பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு, கீழே கால் ஊன்றாமல் உட்கார்ந்திருக்கும்போது இன்னோர் அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் பத்தரை சென்டிமீட்டர் இருந்தால் ஸ்பிரிங் அந்த ஆளுக்குச் சரி. இதற்கு மூன்று பேர் வேண்டும். உட்கார ஒருவன், டேப்பைப் பிடிக்க அவள், முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள ஒருவன். பாகன் உட்கார்ந்தால் குருவி பிடிப்பான், குருவி உட்கார்ந்தால் பாகன் பிடிப்பான். "மாமா, ஒரு ஆளா ரெண்டு ஆளான்னு வண்டி கேக்குது" என்பான் குருவி. சிரிப்பில் வண்டி ஆடி, அவள் திட்டிக்கொண்டே மறுபடி அளப்பாள்.

இப்போது பாகன் சுவரில் தோளைச் சாய்த்து உட்கார்ந்து பார்த்தான். சுவர் பாதி எடையை வாங்கிக்கொண்டது. அளவு சரியாக வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை.

"நகரு, நான் புடிக்கிறேன்."

கொடியிலிருந்து எடுத்த துணிகள் தோளில் கிடக்க, அம்மா வாசலில் நின்றாள். பதினோரு மாதமாகப் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள்.

"வேணாம்மா. கனம்."

"போடி. அவனுக்கு எட்டு வயசுல இருந்து நான்தான் புடிச்சேன். நீ அப்புறம் வந்தவ." துணிகளை மேஜையில் போட்டுவிட்டு முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கி, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்தாள். "ஏறுங்க மாப்பிள்ளை. விட மாட்டேன், பயப்படாதீங்க."

பாகன் மனைவியைப் பார்த்தான். சொல்ல வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். கெஞ்சுகிற மாதிரி ஆட்டினாள். அவன் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் தரையிலிருந்து எடுத்தான். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் பின்சக்கரத்தின் அருகில் குந்தினாள். அங்கிருந்து அவளுக்குத் தெரிந்ததெல்லாம் டேப்பும், முன்சக்கரத்தின் இரு பக்கமும் அம்மாவின் செருப்புக் கால்களும்தான்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"குருவி தானா விழுந்தான். ஆனா அதனால சாகலை. எந்திரிச்சுட்டு இருந்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம் அவன் இருந்தது எனக்குத் தெரியலை. கொடி காட்டலை. நான் தாண்டி வந்து இறங்கினது அவன் மேல. என் வண்டிதான், அத்தை. நான்தான்."

கூரைத் தகரம் வெயிலில் ஒரு தடவை முறுக்கிக்கொண்டது.

அம்மா கையை எடுத்தால் அவன் விழுவான். எடுக்கட்டும் என்று அவன் காத்திருந்த மாதிரி இருந்தது. காலைத் தரையில் ஊன்றவில்லை. மகள் கையிலிருந்த டேப்பில் அளவு நிற்கவில்லை. மூன்று மில்லி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அது அம்மாவின் கை நடுக்கம். வண்டி முழுக்க ஓடிப் பின்சக்கரம்வரை வந்தது.

அம்மா விடவில்லை.

"ஏய்" என்றாள் கடைசியில். மகளைத்தான். "அளவு எடுத்துட்டியா?"

"எடுக்கறேன்மா."

"எடு."

பல்லைக் கடித்துக்கொண்டு டேப்பை அழுத்திப் பிடித்தாள். கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு படித்தாள்.

"பத்தரை."

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"அப்ப அவரை இறங்கச் சொல்லு."

காலையில் மாப்பிள்ளை என்று நேருக்கு நேர் கொஞ்சினவள், முன்னாலேயே இருக்கிறவனிடம் மகள் மூலமாகப் பேசினாள். பாகன் இறங்கினான். எங்கே நிற்பது என்று தெரியாமல் ஹெல்மெட்டோடு நின்றான். அம்மா இன்னும் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிளட்ச் லீவர் குருவியின் குட்டை விரலுக்கு ஏற்ப உள்ளே தள்ளி வைத்தபடியே இருந்தது. அம்மாவின் கட்டைவிரல் அதைத் தடவியது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அம்மா..."

"எப்பத் தெரியும்னு கேட்டேன்."

"அன்னிக்கே. அங்கதான் இருந்தேன். நீ தாங்க மாட்டியேன்னுதான் சொல்லலைம்மா."

"நான் தாங்க மாட்டேன்னு நீ முடிவு பண்ணினியா? பதினோரு மாசமா ஒரே வீட்டுல, ஒரே அடுப்புல சமைச்சுத் தின்னுக்கிட்டு, எம்புள்ளை எப்படிச் செத்தான்னு ஊருக்கே தெரிஞ்சு, பெத்தவளுக்குத் தெரியக்கூடாதா?" அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அவர் கண்ணுக்கு அவன் தெரியலை. மேடு மறைச்சது. உன் கண்ணு முன்னாடியேதானேடி இருந்தேன், உனக்கு நான் தெரியலையா?"

அவள் டேப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

அம்மா கையை எடுத்தாள். வண்டி சாய்ந்தது. அவளும் பாகனும் ஒரே சமயத்தில் பாய்ந்து பிடித்தார்கள். நிமிர்த்தி ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வாசலில் அம்மா இல்லை. துணிகள் மட்டும் மேஜையில் கிடந்தன.

"போய்ப் பாரு" என்றான் பாகன். "நான் வந்தா நல்லா இருக்காது."

வீட்டுக்குள் நுழைந்தபோது குருவியின் அறைக் கதவு உள்ளே தாழ்போடும் சத்தம் கேட்டது. "அம்மா" என்று கூப்பிட்டாள். கதவில் கையை வைத்தாள். தட்ட மனசு வரவில்லை. எந்த முகத்தோடு தட்டுவது? உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள்.

சர்க்கரை ஜாடி நகர்ந்திருந்தது. அடியில் கடிதம் இல்லை; அம்மாதான் எடுத்துப் போயிருக்க வேண்டும். மேஜை மேல் பாகன் காலையில் வைத்த பேனா மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.